ஒரு புள்ளி போனா என்ன ஸார்?

என் மனைவி வீட்டிலிருந்தே புரூஃப் பார்ப்பவள். சமையல் குறிப்பு, ராசிபலன், கோயில் தல புராணம், சங்கத்து ஆண்டு மலர், எது வந்தாலும் ஒற்று மிகுமா மிகாதா, றன்னகரமா டண்ணகரமா என்று துருவிப் பார்த்துத் திருப்பி அனுப்புவாள். பக்கத்துக்கு இத்தனை ரூபாய் என்று கணக்கு. (எத்தனை என்று சொன்னால் சிரிப்பீர்கள். வேண்டாம்.) பதினோரு வருஷமாக நடக்கிற தொழில். நான் எழுதுகிற மளிகை லிஸ்ட்டைக்கூட சிவப்பு மை படாமல் கடைக்கு அனுப்ப மாட்டாள்.

அப்பேர்ப்பட்டவளுக்கு ஒரு சோதனை வந்தது.

ஓய்வு பெற்றவர்கள் சங்கம் ஒன்றின் வெள்ளிவிழா மலர். 96 பக்கம், ஆயிரம் பிரதி. அதில் சங்கத் தலைவர், வயது 74, தாங்கள் நடத்தும் மாலை வகுப்பைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருந்தார். மூன்றாவது பத்தியில் ஒரு வாக்கியம்: ‘முதியோர் கல்வியில் நம் சங்கம் காட்டும் ஆர்வம் நாடறிந்தது.’ இதில் கல்வியின் ‘ல்’ தலையிலிருந்த புள்ளி மட்டும் காணாமல் போய், ஆயிரம் பிரதியும் அச்சாகிவிட்டது. புள்ளியை எடுத்துவிட்டு ஒரு தடவை படித்துப் பாருங்கள். மெதுவாக.

விழாவில் மலரை அறிமுகப்படுத்திப் பேசியவர் அந்தப் பத்தியை மைக்கில் படித்தாராம். இருந்தது இருந்தபடியே படித்தாராம். தலைவரின் மனைவி முன் வரிசையில் உட்கார்ந்திருந்தாராம்.

அப்புறம் ஆயிரம் பிரதியிலும் அந்த வரியின் மேல் காகிதத் துண்டு ஒட்டினார்கள். (ஒட்டினதும் எல்லோரும் அதை உரித்துப் பார்த்தார்கள் என்பது வேறு விஷயம்.) அச்சகக்காரர் போன் செய்தார். திட்டவில்லை. அதுதான் மோசம். “நீங்க கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்களேம்மா” என்றார். அதற்கப்புறம் ஒரு ஃபாரம்கூட வரவில்லை.

“எனக்குக் கண்ணு போச்சுங்க” என்றாள் இவள். “ரெண்டு தடவை பார்த்தேன். அங்க புள்ளி இருந்த மாதிரிதான் இருந்தது. இனிமே இந்த வேலை வேணாம்.” சிவப்புப் பேனாக்களை எடுத்து ரப்பர் பாண்டு போட்டு பீரோவில் வைத்தாள். இருபது வருஷக் குடித்தனத்தில் அவள் சாமான்களை ஒழுங்காக அடுக்கி வைத்தால் எனக்குப் பயம் வரும்.

கண் டாக்டரிடம் அழைத்துப் போனேன். கண்ணாடியை மாட்டி, சுவரில் இருந்த அட்டையைப் படிக்கச் சொன்னார். மளமளவென்று கடைசி வரி வரை படித்துவிட்டாள். அதில் பிழை ஏதாவது இருக்கிறதா என்றும் பார்த்திருப்பாள். “கண்ணு பிரமாதமா இருக்கும்மா. 6/6. நீங்க எதுல வேலை பார்க்கறீங்க?” என்றார் டாக்டர்.

“லேப்டாப்புல.”

“எந்த லேப்டாப்?”

அவள் என்னைப் பார்த்தாள். நான் அட்டையைப் பார்த்தேன். அது 2014-ல் நான் வாங்கிய லேப்டாப். எனக்கு ஆபீஸில் புதுசு கொடுத்ததும், “இந்தா, நீ வெச்சுக்கோ” என்று தாராள மனசோடு தானம் செய்தது. 15.6 அங்குலத் திரை. அதில் குறுக்கே 1366, நெடுக்கே 768 புள்ளிகள். அவ்வளவுதான். இதில்தான் அவள் ஆயிரக்கணக்கான பக்கங்களைப் பார்த்திருக்கிறாள். நானும் தினம் அவள் பின்னால் நின்று காபி கேட்டிருக்கிறேனே தவிர, ஒரு நாளாவது குனிந்து அந்தத் திரையைப் பார்த்ததில்லை.

அன்று ராத்திரி பார்த்தேன். தலைவரின் கட்டுரைப் பக்கத்தைத் திறந்து, அவள் வழக்கமாகப் பார்ப்பது போல் முழுப் பக்கமும் தெரிகிற மாதிரி வைத்து ஒரு கணக்குப் போட்டேன். ஏ4 தாளின் உயரம் 297 மில்லிமீட்டர். திரையின் 768 புள்ளியில் மேலே மெனு, கீழே டாஸ்க்பார் போக மிச்சம் 600. ஆக, திரையின் ஒரு புள்ளி தாளில் அரை மில்லிமீட்டரைச் சுமக்க வேண்டும். அச்சில் ‘ல்’லின் தலையில் இருக்கிற புள்ளியோ அந்த அரை மில்லிமீட்டர்கூட வராது. அது முழுசாகக் கறுப்பாக நிற்க இடமில்லாததால் கம்ப்யூட்டர் அந்த இடத்தில் லேசாகச் சாம்பல் பூசிவிடுகிறது. புள்ளி இருந்தாலும் ஒரு அழுக்கு, இல்லாவிட்டாலும் மேல் வரி எழுத்தின் வால் வந்து ஒரு அழுக்கு. எழுத்தை மூளை ஊகித்துக்கொள்கிறது. ‘முதியோர்’ என்று வந்தால் அடுத்தது ‘கல்வி’ என்று நல்ல மனசுக்காரர்களின் மூளை தானே புள்ளி வைத்துக்கொள்ளும்.

கண்ணில் குற்றமில்லை. கண்ணாடியில் குற்றமில்லை. குற்றவாளி, லேப்டாப்பைத் தானம் செய்த நான்.

இங்கிலீஷ் எழுத்துக்கு இவ்வளவு கஷ்டமில்லை. அது ஏழெட்டுப் புள்ளி உயரத்தில் குச்சி குச்சியாக நின்றுவிடும். தமிழில் ‘ணை’யையும் ‘ஞா’வையும் அந்த உயரத்தில் வரைந்து பாருங்கள், ஜாங்கிரி உடைந்த மாதிரி இருக்கும். பழைய ஓலைச்சுவடிகளில் புள்ளியே வைக்காமல் எழுதுவார்கள். எழுத்தாணியால் குத்தினால் ஏடு கிழியும். தொல்காப்பியம் மெய்யெழுத்துக்குப் புள்ளி உண்டு என்று சொல்லியும், ஏட்டில் அது இல்லாததால் பதிப்பித்தவர்கள் எது மெய், எது உயிர்மெய் என்று இடம் பார்த்து ஊகித்தார்கள். மலிவு மானிட்டர் வாங்கினால் நாமும் அந்தக் காலத்துக்கே போய்விடுகிறோம். பனைமரம் ஏறாமலே!

மானிட்டர் வாங்குவது என்று முடிவாயிற்று. சீட்டுப் பணம் 16,000 அவளிடம் இருந்தது. “என் பணத்துல என் வேலைக்கு” என்று சொல்லிவிட்டாள். இதில் எனக்குப் பேச வாயில்லை. என் மச்சினனுக்கு இருந்தது. பழைய மகாபலிபுரம் ரோட்டில் வேலை பார்க்கிறவன். ராத்திரி முழுக்க யாரையாவது சுட்டுக்கொண்டிருப்பான் (கம்ப்யூட்டரில்தான்).

“அக்கா, 32 இஞ்ச் வாங்கு. கர்வ்டு. 165 ஹெர்ட்ஸ். பட்டையைக் கிளப்பும்!”

“அது என்னடா ஹெர்ட்ஸ்?” என்றேன்.

“செகண்டுக்கு 165 தடவை படம் மாறும் அத்தான்.”

“உங்கக்கா பார்க்கிற எழுத்து ஒரே இடத்துல நிக்கிறதுடா. ஓடினா சௌகரியம்தான், பிழையெல்லாம் தானா ஓடிப்போகும்.”

இந்த இடத்தில் 16,000, 18,000 கையில் வைத்துக்கொண்டு மானிட்டர் வாங்க நினைக்கிற வாலிபர்கள் கவனிக்க வேண்டிய கணக்கு ஒன்று. திரையின் அங்குலம் முக்கியமில்லை. அந்த அங்குலத்துக்குள் எத்தனை புள்ளி என்பதுதான் முக்கியம். கடைக்காரர் ‘ஃபுல் ஹெச்டி’ என்று சொல்வது 1920க்கு 1080. மொத்தம் 20 லட்சத்துச் சொச்சம் புள்ளி. 24 அங்குலத்திலும் அதே 20 லட்சம்தான், 27-லும் அதேதான், மச்சினனின் 32-லும் அதேதான். ஒரே கரண்டி மாவைப் பெரிய கல்லில் இழுத்தால் தோசை பெரிசாக வரும், நடுவில் ஓட்டையும் வரும்.

பள்ளிக்கூடத்தில் படித்த பிதாகரஸை எழுப்புங்கள். அகலப் புள்ளியின் வர்க்கம், உயரப் புள்ளியின் வர்க்கம் இரண்டையும் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, திரையின் அங்குலத்தால் வகுத்தால் ஒரு அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்று வந்துவிடும். 32 அங்குல ஃபுல் ஹெச்டிக்கு 69. 27-க்கு 82. 24-க்கு 92. இதற்கு மேலே போனால் 2560க்கு 1440 என்று ஒரு ரகம், ‘கியூஹெச்டி’ என்பார்கள். அது 27 அங்குலத்தில் 109. அதற்கும் மேலே 4கே, அதாவது 3840க்கு 2160. அதே 27 அங்குலத்தில் 163.

எத்தனை இருந்தால் போதும்? பதில் டாக்டர் ரூமில் தொங்கிய அட்டையிலேயே இருக்கிறது. 1862-ல் ஸ்நெல்லன் என்ற டச்சுக் கண் டாக்டர் போட்ட கணக்கு அது. 6/6 கண் என்றால் ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு இடைவெளியைப் பிரித்துப் பார்க்கும். இரண்டடி தூரத்தில் அது சுமார் 0.175 மில்லிமீட்டர். திரையில் ஒரு புள்ளி அதைவிடப் பெரிசாக இருந்தால் கண்ணுக்குப் படிக்கட்டு தெரியும், சிறிசாக இருந்தால் வழவழவென்று அச்சு மாதிரி இருக்கும். 32 அங்குல ஃபுல் ஹெச்டியில் ஒரு புள்ளி 0.37 மில்லிமீட்டர். 27 அங்குல கியூஹெச்டியில் 0.23. 4கே-யில் 0.16. அட்டையில் பாஸாவது கடைசி ஆள் மட்டும்தான்.

இந்த 4கே-யை இளக்காரமாக நினைக்காதீர்கள். 2001-ல் ஐபிஎம் கம்பெனி டி220 என்று ஒரு மானிட்டர் கொண்டுவந்தது. 22 அங்குலத் திரையில் 3840க்கு 2400 புள்ளி. விலை இருபதாயிரம் டாலருக்கு மேல், அன்றைய ரூபாயில் பத்து லட்சத்தை ஒட்டி! அதுவும் செகண்டுக்கு 41 தடவைதான் படம் மாறும். நான் முதலில் வேலைக்குச் சேர்ந்த ஆபீஸில் ஒரே ஒரு கம்ப்யூட்டர். 640க்கு 480 புள்ளி. அதற்கு ஏ.ஸி. ரூம், வெல்வெட் உறை, வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். விபூதி தட்டு மட்டும்தான் வைக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை மூவரும் ரிச்சி தெருவுக்குக் கிளம்பினோம். அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பினதுமே நாலு பேர் ஓடி வந்து, “சிசிடிவியா ஸார்? லேப்டாப் பாட்டரியா? பிரிண்டர் இங்க்கா?” என்று விசாரித்தார்கள். சொந்தக்காரர்கள்கூட என்னை இத்தனை அக்கறையாக விசாரித்ததில்லை. மச்சினன் எங்கள் கிழட்டு லேப்டாப்பைப் பையில் போட்டுச் சுமந்து வந்தான். இவள் கைப்பையில் ஒரு பென்டிரைவ். அதில் ஒரே ஒரு பக்கம். எது என்று சொல்ல வேண்டியதில்லை. ஒன்று புள்ளி போனது, இன்னொன்று அவளே புள்ளி வைத்துத் திருத்தியது, இரண்டும் பக்கம் பக்கமாக.

கடையில் எல்லா மானிட்டரிலும் மீன் நீந்தியது. பூ மலர்ந்தது. சிறுத்தை ஒன்று மானைத் துரத்தியது. எல்லாமே அழகு. மீனுக்கும் பூவுக்கும் 69 புள்ளியே தாராளம், அதனால்தான் அதைப் போட்டுக் காட்டுகிறார்கள்.

“மீன் வேணாம்ப்பா, இதைப் போடு” என்று பென்டிரைவை நீட்டினாள்.

கடைப் பையன் போட்டான். நின்று படித்தான். காது சிவந்துவிட்டது. “மேடம்... இது என்ன புக்கு?”

“நீ மானிட்டரைக் காட்டு.”

முதலில் மச்சினனின் 32. அவள் இரண்டடி தூரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தாள். எழுத்தெல்லாம் கொழுகொழுவென்று இருந்தது. புள்ளி போனதும் போகாததும் ஒரே மாதிரி. “ம்ஹூம்” என்றாள். மச்சினன், “கர்வ்டுக்கா” என்று ஈன ஸ்வரத்தில் சொன்னான். “வரி வளைஞ்சு தெரியறதுடா, நாளைக்கு அதையும் பிழைன்னு திருத்திடுவேன்.”

24 அங்குல ஃபுல் ஹெச்டி, ஒன்பதாயிரம் சொன்னார்கள். என் மனசு அதில்தான் இருந்தது (விலையில்). கிட்டே போய்ப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்தது, நிமிர்ந்து உட்கார்ந்தால் போய்விட்டது. அப்புறம் 27 அங்குல கியூஹெச்டி. உட்கார்ந்த நிமிஷமே விரலை நீட்டி, “இதுல இருக்கு, இதுல இல்லை” என்றாள். கணக்கும் சரியாகத்தான் வருகிறது. முழுப் பக்கம் வைத்தாலும் அந்தப் புள்ளிக்குத் திரையில் இரண்டு புள்ளி கிடைக்கிறது. இன்னொன்றும் கண்டுபிடித்தாள். அந்தத் திரையின் அகலம் சுமார் 60 சென்டிமீட்டர். இரண்டு ஏ4 தாள் நிஜ அளவிலேயே பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறது. இடது பக்கம் மூலப் பிரதி, வலது பக்கம் புரூஃப். பதினோரு வருஷமாகத் தாளையும் திரையையும் மாறி மாறிப் பார்த்துக் கழுத்து வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தவள், “அட!” என்றாள்.

கடைசியில் 4கே. அதே 27 அங்குலம். சொன்னால் நம்ப மாட்டீர்கள், திரை மாதிரியே இல்லை, தாள் மாதிரி இருந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. பட்டுப் புடவைக் கடையில் வாங்க முடியாததைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். நான் விலையைக் கேட்டேன். கியூஹெச்டியைவிட ஆறாயிரம் அதிகம். “போட்டுக்கலாம், நான் தரேன்” என்றேன். என் வாயிலிருந்து வந்த வார்த்தைதான், பாவத்துக்குப் பரிகாரம்.

ஆனால் அதைக் கடைக் கம்ப்யூட்டரிலிருந்து கழற்றி எங்கள் லேப்டாப்பில் மாட்டினதும் கதை மாறிவிட்டது. எங்களுடையதில் இருக்கிற ஹெச்டிஎம்ஐ பழைய 1.4 ரகம். 4கே-யின் 83 லட்சம் புள்ளியை அதனால் செகண்டுக்கு 30 தடவைதான் தள்ள முடியும். 60 தடவை தள்ள வேண்டுமென்றால் லேப்டாப்பில் ஹெச்டிஎம்ஐ 2.0 அல்லது டிஸ்ப்ளேபோர்ட் வேண்டும். இவள் மௌஸை அசைத்தால் அம்பு கொஞ்சம் யோசித்துவிட்டு, தாவித் தாவி வந்தது. பக்கத்தை உருட்டினால் எழுத்தெல்லாம் திணறியது. “தலை சுத்துதுங்க” என்றாள்.

ஆகவே இளைஞர்களே, மானிட்டர் வாங்கப் போகும்போது லேப்டாப்பையும் கூட அழைத்துப் போங்கள். பெண் பார்க்கப் போகும்போது மாப்பிள்ளையையும் அழைத்துப் போவதில்லையா? புது லேப்டாப் வைத்திருந்து, நாள் முழுக்க எழுத்தைப் பார்ப்பதுதான் உங்கள் பிழைப்பு என்றால், 27 அங்குல 4கே-க்கு யோசிக்காமல் கொடுங்கள். வாங்கினதும் விண்டோஸில் எழுத்தளவை 150 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். லேப்டாப் பழசு, பட்ஜெட்டும் சிறிசு என்றால் 27 அங்குல கியூஹெச்டி. அதில் எழுத்தளவு 100 சதவீதமே போதும். 27 அங்குலத்தில் ஃபுல் ஹெச்டி மட்டும் எழுத்து வேலைக்கு வேண்டவே வேண்டாம், சும்மா கொடுத்தாலும்.

பெட்டியின் மேல் அச்சடித்திருப்பதில் பாதியை நான் நம்புவதாக இல்லை. ‘கான்ட்ராஸ்ட் ஒரு கோடிக்கு ஒன்று’ என்று ஒன்றில் போட்டிருந்தது. நிஜத்தில் ஐபிஎஸ் ரகத் திரைக்கு ஆயிரத்துக்கு ஒன்று என்றால் சாதாரணம். விஏ ரகத்துக்கு மூவாயிரம், அதில் கறுப்பு நல்ல கறுப்பாக இருக்கும், சினிமா பார்க்கத் தோது. ஆனால் எழுத்தை வேகமாக உருட்டினால் லேசாக வால் விடும். டிஎன் என்ற பழைய ரகத்தைத் தள்ளி உட்கார்ந்து பார்த்தால் சாயம் போன வேட்டி மாதிரி ஆகிவிடும். ஐபிஎஸ் போதும். ‘2கே’ என்று எழுதியிருந்தால் அது கியூஹெச்டியா ஃபுல் ஹெச்டியா என்று எண்ணைக் கேளுங்கள், ஆளாளுக்கு ஒன்றைச் சொல்கிறார்கள். ‘4கே சப்போர்ட்’ என்றால் 4கே படத்தை வாங்கிச் சுருக்கிக் காட்டும் என்றுதான் சில இடங்களில் அர்த்தம், ‘எங்க பையன் கலெக்டர் பரீட்சை எழுதியிருக்கான்’ என்பது போல.

ஒரு சோதனை மட்டும் மச்சினன் சொல்லிக்கொடுத்தது, உருப்படியானது. திரையை வெள்ளையாக்கி, வெளிச்சத்தைக் குறைத்து, அதற்கு முன்னால் ஒரு பேனாவை விசிறி மாதிரி வேகமாக ஆட்ட வேண்டும். பேனா மங்கலாகத் தேய்ந்த மாதிரி தெரிந்தால் நல்லது. தனித்தனியாகப் பத்துப் பேனா தெரிந்தால், அந்தத் திரை வெளிச்சத்தை அணைத்து அணைத்துப் போட்டுத்தான் குறைக்கிறது என்று அர்த்தம். சிலருக்கு அது தலைவலி. நான் கடை நடுவில் நின்று பேனாவை ஆட்ட, வெளியே நாலு பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒருவர் வந்து மந்திரிப்பதற்கு என்ன ரேட் என்று கேட்காததுதான் பாக்கி.

27 அங்குல கியூஹெச்டி, ஐபிஎஸ். 15,500-க்கு முடிந்தது. “பில் இல்லாம வேணும்னா இன்னும் கொஞ்சம் குறைச்சுக்கலாம் ஸார்” என்றார் கடைக்காரர். பில்லோடுதான் வாங்கினோம். மூன்று வருஷ வாரண்டியைப் பில் இல்லாமல் எந்த மூஞ்சியோடு போய்க் கேட்பது? செத்த புள்ளி இருந்தால் எத்தனை நாளில் மாற்றித் தருவீர்கள் என்று கேட்டு, அதையும் பில்லின் பின்னால் எழுதி வாங்கிக்கொண்டாள். எழுதிக் கொடுத்ததில் ஒரு ஒற்றுப் பிழை. திருத்திக் கொடுத்துவிட்டு வந்தாள்.

மச்சினன் வழியிலேயே இறங்கிவிட்டான். வீட்டுக்கு வந்து நானே மாட்டினேன். ஸ்டாண்டு குள்ளம், பட்ஜெட் மானிட்டரில் ஏற்றி இறக்குகிற வசதியை முதலில் வெட்டிவிடுகிறார்கள். கண்ணுக்கு நேராகத் திரையின் மேல் விளிம்பு வர வேண்டுமே என்று அவளுடைய தமிழ் அகராதியை அடியில் வைத்தேன். “அதை எடுங்க! உங்க கட்டுரை வந்த பழைய பத்திரிகையெல்லாம் பரண்ல சும்மாத்தானே இருக்கு?” என்றாள். எடுத்து அடுக்கினேன். சரியான உயரம்.

சுவிட்சைப் போட்டால், திக்கென்றது. எல்லாம் மங்கல். எழுத்து வீங்கிப்போய், ஓரம் கலைந்து, பழைய லேப்டாப்பைவிட மோசம். அவள் பக்கத்தைத் திறந்தாள். குனிந்தாள். நிமிர்ந்தாள். கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

“கடையில தெரிஞ்சுதேங்க...” என்றாள். குரல் ஒரு மாதிரி இருந்தது. “இப்பத் தெரியலை. நான் அப்பவே சொன்னேன், கண்ணுதான்...”

“கண்ணு இல்லை. கடைக்காரன் மாத்திட்டான். நாளைக்கே போய் அவனை...” என்று சட்டையை மாட்டிக்கொண்டே மச்சினனுக்கு போன் போட்டேன்.

அவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அத்தான், லேப்டாப்புலயும் அதே படம் தெரியுதா?” என்றான்.

“ஆமா. ரெண்டுலயும் ஒண்ணேதான்.”

“அதான்! ‘டூப்ளிகேட்’ல போட்டிருக்கீங்க. பாவம், லேப்டாப்போட 1366க்கு 768 புள்ளியையே இழுத்துப் பெரிசாக்கிக் காட்டிட்டிருக்கு. கீபோர்டுல விண்டோஸ் படம் போட்ட சாவியையும் பி எழுத்தையும் சேர்த்து அமுக்குங்க. ‘செகண்ட் ஸ்க்ரீன் ஒன்லி’ன்னு இருக்கும், அதைத் தட்டுங்க.”

தட்டினேன். திரை ஒரு தடவை கறுத்தது. இரண்டு செகண்டு. அப்புறம் எழுத்தெல்லாம் சட்டென்று சுருங்கி, ஒழுங்காகி, கறுகறுவென்று அவரவர் இடத்தில் போய் நின்றது. ஒவ்வொரு மெய்யெழுத்தின் தலையிலும் அதனதன் புள்ளி. ஒன்றில் மட்டும் இல்லை.

அவள் ரொம்ப நேரம் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து போய் பீரோவைத் திறந்தாள். ரப்பர் பாண்டு அறுகிற சத்தம் கேட்டது.

அன்று ராத்திரி மலரின் 96 பக்கத்தையும் முதலிலிருந்து படித்தாள். ஒரு வெள்ளைத் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, தாளின் வெள்ளையும் திரையின் வெள்ளையும் ஒன்றாகிற வரை வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டாள். கடையிலிருந்து வரும் மானிட்டர் சூரியன் மாதிரி எரியும், இப்படிக் குறைத்தால்தான் கண் எரியாது. ஒன்றரை மணிக்கு என்னை எழுப்பினாள். “இன்னும் நாலு இருக்குங்க.”

“யார் விட்டது?”

“நான்தான். நாலும் புள்ளி.”

காலையில் அவளே அச்சகத்துக்கு போன் செய்து பக்கம், வரி நம்பரோடு நாலையும் சொன்னாள். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. யாருமே கண்டுபிடிக்காத பிழையைத் தானாகக் கூப்பிட்டு ஒப்புக்கொள்கிற புரூஃப் ரீடரை அவர் பார்த்ததில்லை போலிருக்கிறது. கடைசியில், “சமையல் புக்கு ஒண்ணு வந்திருக்கும்மா. 240 பக்கம். அனுப்பட்டுமா?” என்றார்.

இப்போது அது ஓடிக்கொண்டிருக்கிறது. காபி நான்தான் போடுகிறேன். நடுவில் இந்தக் கட்டுரையையும் அவளிடம் கொடுத்தேன். பதினேழு இடத்தில் சிவப்பு. மச்சினனைப் பற்றி எழுதிய நாலு வரியை அடித்துவிட்டாள், தம்பிப் பாசம். தலைப்பில் ‘போனா’ என்று இருக்கிறதே, ‘போனால்’ என்று மாற்றட்டுமா என்று கேட்டேன்.

“பேச்சு வழக்குதானே, இருக்கட்டும். போனாப் போகட்டும்” என்றாள்.